ஆறுதலும் விண்ணப்பமும்



பண்டிதர் அயோத்திதாசர் நினைவாகப் பேச வேண்டும் என்று இலக்கியக் களத் தோழர்கள் கேட்டபோது எங்கள் வாசிப்பு வட்டத்து நான்கு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். எழுதியது நான்கு பேர், மேடையில் வாசிப்பது ஒருவர். அதனால் 'நாங்கள்' என்றே பேசப் போகிறோம். பண்டிதரின் அரசியலைப் பற்றி, 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பற்றி, 1898இல் அமைத்த சாக்கிய பௌத்த சங்கம் பற்றி எங்களைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம். சாவு விழுந்த வீட்டில், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில், ஒருவர் வேதப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அதைப் பற்றி. அதை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதைப் பற்றி.

'வேதம்' என்ற சொல்லை நாம் சும்மா கடந்துபோக முடியாது. அதைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். நமக்கு அந்த வரிசையில்கூட இடமில்லை. அப்படி மறுக்கப்பட்ட சொல்லைத்தான் நம் ஊர்களில் கிறிஸ்தவர்களான சனங்களுக்குப் பெயராகவே வைத்தார்கள், 'வேதக்காரர்' என்று. பண்டிதரோ புத்தரின் வரலாற்றை எழுதி அதற்கு 'ஆதிவேதம்' என்று பெயர் வைத்தார். பிறகு வந்ததுதான் உங்களுடையது, முதலில் இருந்தது எங்களுடையது என்கிற உரிமைக் குரல் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறோம். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்களில் இரண்டு பேர் அப்போது கல்லூரி மாணவர்கள். பக்கத்து ஊரில் நம் பையன் ஒருவனைச் சாதி வெறியில் வெட்டிப் போட்டார்கள். நாங்கள் துண்டறிக்கையோடு போய் இறங்கினோம். பையனின் பாட்டி மடியில் பைபிளை வைத்துக்கொண்டு, எழுத்துத் தெரிந்த யாராவது ஒரு சங்கீதம் வாசிக்க மாட்டார்களா என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "அத மூடி வைங்க பாட்டி, இது போராட வேண்டிய நேரம்" என்றோம். பாட்டி மூடி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் எத்தனை தடவை போனாலும் அவர் எங்களோடு பேசவில்லை. மதம் மக்களுக்கு அபின் என்று படித்திருந்தோம். அந்தச் சொல்லுக்கு முந்தின வரியிலேயே அதே மார்க்ஸ் மதத்தை ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு என்று சொல்லியிருப்பதை அப்போது நாங்கள் படித்திருக்கவில்லை. பாதி வாக்கியத்தோடு சாவு வீட்டுக்குப் போனவர்கள் நாங்கள்.

இரண்டாவது சாவு அண்மையில், எங்கள் தெருவிலேயே. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியில் இறக்கப்பட்டு இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவன் எங்கள் தெருப் பையன், இருபத்தாறு வயது. அவனுடைய அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பேசுகிறோம். "பேரு வேணாம், நடந்தத சொல்லுங்க" என்றார்.

மனிதரை இப்படித் தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் இன்னொரு தீர்ப்பு அதை 30 லட்சமாக்கியது. இவ்வளவும் காகிதத்தில் இருக்கும்போதுதான் நம் பையன் உள்ளே இறங்கினான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள். சபை மூப்பர் ஒருவர் வந்து, கொடுத்தவரே எடுத்துக்கொண்டார் என்று ஜெபம் செய்துவிட்டுப் போனார். எதிர்வீட்டு ஆயா மாரியம்மாளைக் கும்பிடுகிறவர். அவர் தலையெழுத்து என்றார். ஒப்பந்தக்காரனின் ஆள் ஒரு கவரைக் கொண்டுவந்து, விதிம்மா, யாரைச் சொல்லி என்ன, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க என்றான். நாங்கள் போய், இது விபத்து இல்லை, சாதியக் கொலை என்றோம். நாங்கள் சொன்னது சரிதான். ஆனால் அன்றைக்கு ராத்திரி அந்த அம்மாவுக்கு ஒரு மணி நேரத் தூக்கத்தை அது கொடுத்ததா? கொடுக்கவில்லை.

யோபுவின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகளை இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்தவனைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகல் ஏழு இரவு அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை நல்ல மனிதர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், கடவுள் அநியாயம் செய்வாரா, தாழ்ந்து போ என்று அத்தியாயம் அத்தியாயமாகப் பேசுகிறார்கள். தமிழ் வேதாகமத்தில் ஆறுதல் சொல்பவருக்குத் தேற்றரவாளர் என்று ஒரு சொல் உண்டு. பரிசுத்த ஆவிக்கும் அதே பெயர். யோபு தன் நண்பர்களை அதே சொல்லால் அழைத்து, அலட்டுகிறவர்கள் என்று திட்டுகிறான். நூலின் கடைசியில் கடவுள் யார் பக்கம் நிற்கிறார் என்பதுதான் எங்களை நிமிர வைத்த இடம். தன்னை வழக்குக்கு இழுத்த யோபுதான் சரியாகப் பேசினான், தனக்காக வாதாடிய நண்பர்கள் தப்பாகப் பேசினார்கள் என்று கடவுளே சொல்கிறார். எங்கள் தெருச் சபைகளில் யோபுவை 'பொறுமையின் சிகரம்' என்று மட்டும் பிரசங்கம் செய்வார்கள். முதல் இரண்டு அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிட்டால் அப்படித்தான் தெரியும். மொத்தம் 42 அத்தியாயம்.

இனி பிணவறை வாசல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்தால்தான் உடலை வாங்குவோம் என்று குடும்பம் சொல்லிவிட்டது. மூன்று நாள். நம் சனங்கள் எத்தனை ஊரில் எத்தனை தடவை அந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறோம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் நாள் இரவு அதிகாரிகள் பக்கத்திலிருந்து ஒரு சேதி வந்தது: பெத்த பிள்ளையை இப்படிப் போட்டு வைப்பது பாவமில்லையா, நல்லடக்கம் செய்வதுதானே தாய்க்கு அழகு. அந்த அம்மா ஆடிப்போய்விட்டார். நாங்கள் சட்டம் சொன்னோம், கேட்கவில்லை. அவருடைய நாத்தனார் மகள், பிளஸ் டூ படிக்கிற பெண், பைபிளை எடுத்து இரண்டாம் சாமுவேல் 21ஆம் அதிகாரத்தை வாசித்தாள். எங்களில் யாருக்கும் அப்படி ஒரு பகுதி இருப்பதே ஞாபகமில்லை.

ரிஸ்பாள் என்கிற தாயின் கதை அது. அரசியல் கணக்குத் தீர்க்க அவளுடைய இரண்டு மகன்களையும் அவர்களோடு வேறு ஐந்து பேரையும் கொன்று மலையில் தூக்கி விடுகிறார்கள். ரிஸ்பாள் பாறைமேல் இரட்டை விரித்து உட்கார்ந்துவிடுகிறாள். அறுப்புக் காலத் தொடக்கத்திலிருந்து மழை பெய்கிற வரைக்கும் பகலில் பறவையையும் இரவில் மிருகத்தையும் அந்த உடல்களை அண்ட விடாமல் விரட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். ஒரு வார்த்தை பேசியதாக வேதத்தில் இல்லை. சேதி ராஜாவுக்குப் போகிறது. கடைசியில் தாவீது ராஜா இறங்கி வந்து எலும்புகளைச் சேர்த்து முறைப்படி அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று.

பெண் வாசித்து முடித்ததும் அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "இது வேதத்துலயே இருக்கா?" இருக்கிறது என்றாள். "அப்ப பாவமில்ல" என்று சொல்லி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பிணவறைச் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். இரண்டு நாளில் முதல் தூக்கம். மூன்றாம் நாள் வழக்குப் பதிந்தார்கள்.

எல்லாப் பகுதியும் இப்படிக் கைகொடுக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் முடிந்த பிறகு எங்களில் ஒருவர் கிசா கோதமியின் கதையை வாசித்தார். நாங்கள் பௌத்தத்தில் ஈடுபாடுள்ளவர்கள், அதுவே அவருக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தோம். இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்தவளிடம் புத்தர், சாவு விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்கிறார். அவள் வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். கடுகு எல்லா வீட்டிலும் இருக்கிறது, சாவு விழாத வீடுதான் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், "ஊர்த் தெருவுக்கு நம்மாளு போனா கடுகு கையில குடுப்பாங்களா, தூக்கிப் போடுவாங்களா?" என்றார். சிரித்தோம். அந்த அம்மா சிரிக்கவில்லை. "எல்லா வூட்லயும் சாவு இருக்குப்பா. இந்தச் சாவு எல்லா வூட்லயும் இருக்கா? அந்த அடுக்குமாடியில எந்த வூட்ல இருக்கு?" என்று கேட்டார்.

எங்களிடம் பதில் இல்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. மரணம் எல்லோருக்கும் பொது என்பது பெரிய உண்மை. ஆனால் மலத்தில் மூச்சு முட்டிச் சாவது சாதி பார்த்துப் பங்கிடப்பட்ட சாவு. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்களே, அதைப் போய் 'பிறந்தவர் இறப்பர்' என்று எந்த நாக்கால் சொல்வது?

இந்த இடத்தில் அண்ணல் அம்பேத்கரை நினைத்துக்கொண்டோம். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் அறிமுகத்தில் அவர் நான்கு உண்மைகளையே கேள்விக்கு உட்படுத்துகிறார். பிறப்பு துக்கம், வாழ்வு துக்கம், சாவு துக்கம், மறுபிறப்பும் துக்கம் என்றால் மனிதனுக்கு மிஞ்சுவது என்ன, இது புத்தர் சொன்னதா, பிற்காலத்துப் பிக்குகள் சேர்த்ததா என்று கேட்கிறார். நோயில் உடல் நைந்துபோயிருந்த காலத்தில் எழுதிய நூல் அது. 1956 டிசம்பர் 5 இரவும் அதன் முன்னுரை மேசைமேல் இருந்தது என்று அவருடைய உதவியாளர் பதிவு செய்திருக்கிறார். மறுநாள் காலை அவர் இல்லை. நூல் 1957இல் வந்தது. இப்படிக் கறாராகக் கேள்வி கேட்டவர் அதே நூலில் கிசா கோதமியின் கதையை எடுத்துவிடவில்லை. துயர் ஆற்றுபவராகப் புத்தரைக் காட்டும் பகுதியில் அதை வைத்திருக்கிறார். ஏன் வைத்தார் என்று நாங்கள் வெகு நேரம் வாதாடினோம். அவரே பிள்ளைகளைப் புதைத்த தகப்பன் என்றார் எங்களில் ஒருவர். அதற்குமேல் யாரும் வாதாடவில்லை.

பண்டிதரும் இதே வேலையை வேறு விதமாகச் செய்தவர். பெரியபுராணத்து நந்தனார் நம் பெரியவர்கள் பலருக்கு ஆறுதலாக இருந்தவர்தான், மறுக்க வேண்டாம். ஆனால் தில்லைக்குள் நுழைய அவர் தீயில் இறங்க வேண்டியிருந்தது. பண்டிதர் 'இந்திரர் தேச சரித்திர'த்தில் நந்தனை அரசனாக எழுதினார். வேஷபிராமணரை நிறுத்திக் கேள்வி கேட்டவன், அதனால் வஞ்சகமாகக் கொல்லப்பட்டவன். ஆராய்ச்சியாளர்கள் இதை ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு வழக்கு. ஏட்டில் இருப்பதை அப்படியே விழுங்கி ஆறுதல் அடையச் சொல்லாமல், இது யார் வாயால் சொல்லப்பட்ட கதை என்று கேட்கச் சொன்னார் என்பதுதான் நமக்கு வேண்டியது.

எழுத்துத் தெரியாதவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் 1935-36இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து போனவர். அவருடைய பாட்டி அடிமையாகப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. பேரன்தான் பைபிள் வாசித்துக் காட்டுவான். சங்கீதம் சில, ஏசாயா, சுவிசேஷங்கள் வாசிக்கச் சொல்வார். பவுலின் நிருபங்களை மட்டும், அன்பைப் பற்றிய ஓர் அதிகாரம் தவிர, வாசிக்க விடவே மாட்டார். வளர்ந்த பிறகு பேரன் காரணம் கேட்டான். அடிமைக் காலத்தில் எசமானின் பாதிரி வந்து, அடிமைகளே எசமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற பவுலின் வசனத்தையே திரும்பத் திரும்பப் பிரசங்கம் செய்தானாம். என்றைக்காவது விடுதலை வந்து எழுத்தும் படித்தால் அந்தப் பக்கத்தைப் படிக்கவே மாட்டேன் என்று தன்னைப் படைத்தவரிடம் சத்தியம் செய்திருந்தாராம். எசமான்களும் சும்மா இருக்கவில்லை. மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று 1807இல் லண்டனில் ஒரு பைபிளை அச்சிட்டார்கள். எகிப்திலிருந்து அடிமைகள் வெளியேறிய கதையை அதிலிருந்து வெட்டி எடுத்துவிட்டுத்தான் அச்சிட்டார்கள். எந்தப் பக்கம் ஆபத்து என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

எங்கள் தெரு அம்மாவுக்குக் கடைசியில் பொருந்தியது 88ஆம் சங்கீதம். சங்கீதங்களில் முறையீட்டுப் பாட்டுகள்தான் அதிகம், ஆனாலும் அவற்றில் பெரும்பாலானவை அழுது அழுது கடைசியில் துதியில் போய் முடியும். இது முடியாது. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே நின்றுவிடும். குழியில் கிடக்கிறேன், தெரிந்தவர்கள் விலகிவிட்டார்கள், நீயும் முகத்தை மறைக்கிறாய் என்று கடவுளிடமே சண்டை. அந்தப் பெண் வாசித்துவிட்டு, "இவ்ளோதான் அத்தை, இதுக்கு மேல இல்ல" என்றாள். "இத எழுதுனவனுக்கு நம்ம வூட்டுக் கதை தெரிஞ்சிருக்கு" என்றார் அம்மா. அதற்குப் பிறகு பல நாள் அதையேதான் வாசிக்கச் சொன்னார். சபையில் ஒருவர், இதை வீட்டில் வாசிப்பது நல்லதில்லை, துதிப் பாட்டு வாசியுங்கள் என்று அறிவுரை சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை.

இதில் வியக்க ஒன்றுமில்லை. நம் சேரிகளில் ஒப்பாரி என்ன செய்யும்? செத்தவனை மேலே அனுப்பிவிட்டு அமைதியாகவா இருக்கும்? வராத வைத்தியனை, தராத கூலியை, ஏறிட்டுப் பார்க்காத சாமியை எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்கும். தமிழ் வேதாகமத்தில் ஒரு புத்தகத்துக்கே புலம்பல் என்றுதான் பெயர். எரேமியாவிலோ, புலம்பற்காரிகளைக் கூட்டி வாருங்கள், உங்கள் மகள்களுக்கும் அதைக் கற்றுக்கொடுங்கள் என்று கட்டளையே இருக்கிறது. ஒப்பாரி வைப்பது நாகரிகமில்லை, விசுவாசமில்லை என்று நம் பெண்களை வாய் மூட வைத்த சபைகள் இந்தப் பக்கத்தை எங்கே ஒளித்து வைத்தன? மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த, 'பரட்டை' என்று எல்லோரும் அழைத்த தியாபிலஸ் அப்பாவு, பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தபோது செய்தது இந்தப் பூட்டை உடைத்ததுதான்.

புலம்பல் நூலின் ஐந்து அத்தியாயங்களில் நான்கு எபிரேய அகரவரிசையில் அடுக்கிக் கட்டியவை. 22 எழுத்து. ஐந்தாவதிலும் 22 வசனம் உண்டு, வரிசை மட்டும் இல்லை. அறிஞர்கள் காரணம் பலவும் சொல்லலாம். அழுது அழுது கடைசியில் வரிசை குலைந்துவிட்டது என்றே எங்களுக்குப் படுகிறது.

ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு முடிக்கிறோம். தமிழ் வேதாகமத்தில் ஜெபத்துக்கு விண்ணப்பம் என்ற சொல் அடிக்கடி வரும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளன்று ஆட்சியர் அலுவலகத்தில் நீட்டுகிற தாளுக்கும் அதே பெயர். நாங்கள் இதை ஒரு நயமாகச் சொல்லிக் காட்டியபோது அந்த அம்மாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. இரண்டும் ஒன்றுதானே என்பதுபோலப் பார்த்தார். லூக்கா 18இல் ஒரு விதவை வருகிறாள். கடவுளுக்கும் பயப்படாத, மனிதரையும் மதிக்காத நீதிபதியிடம் போய்ப் போய் நின்று, இவள் தொல்லை தாங்கவில்லை என்று அவனே சலித்து நியாயம் செய்கிற வரைக்கும் விடாதவள். பதினெட்டுத் திங்கள் நம் அம்மாவும் போயிருக்கிறார். பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி இழப்பு, மனு எழுதிக் கொடுப்பவருக்குக் காசு. கூடப் போன நாள்களில் பார்த்தோம், பையில் மனு நகல், இறப்புச் சான்றிதழ், மகனின் ஆதார் அட்டை, அதற்குள்ளேயே பைபிள். வரிசையில் நிற்கும்போது எடுத்துத் திறப்பார். வாசிக்கத் தெரியாது. 88 இருக்கிற பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறார், அதில் விரலை வைத்துக்கொள்வார்.

அவருக்கு ஆறுதல் கிடைத்துவிட்டதா என்று தோழர் ஒருவர் கேட்டார். அவரிடமே கேட்டோம். "ராத்திரி கொஞ்சம் தூக்கம் வருது. அவ்ளோதான்" என்றார்.

இழப்பீட்டில் ஒரு பகுதி வந்திருக்கிறது. வழக்கு இன்னும் நடக்கிறது. ஒப்பந்தக்காரன் பிணையில் வெளியே இருக்கிறான். அடுத்த விசாரணை வருகிற மாதம், தேதியை வாசலில் ஒட்டியிருக்கிறோம். அவரைத் தனியாக அந்த வராந்தாவில் உட்கார வைக்க வேண்டாம். சட்டக் கல்லூரி மாணவர்கள் முடிந்தவர்கள் காலை பத்து மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் தெருவில் உலை வைக்கிறார்கள், எத்தனை பேர் என்று மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.